பெயின்டைப் பார்க்காதே, பின்னைப் பார்

உட்கார் தம்பி, டீ வரட்டும். பழைய பொக்லைன் ஒன்று பார்த்திருக்கிறாய். ஆறு வருஷ வண்டி, மீட்டரில் 4,000 மணிதான், பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, அட்வான்ஸ் கொடுக்கலாமா என்கிறாய். அதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடு.

காருக்குக் கிலோமீட்டர் மாதிரி, இந்த வண்டிக்கு மணி. நாளைக்கு 8 மணி, மாதம் 20 நாள் என்றால் வருஷத்துக்கு 1,920 மணி. பாதி நாள்தான் வேலை கிடைத்தது என்றாலும் ஆறு வருஷத்தில் 5,760 ஓடியிருக்கும். அப்படியானால் 4,000 எப்படி? வண்டி சும்மா நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டரை மாற்றியிருக்க வேண்டும். மேலே ஏறி பிரேக் பெடலைப் பார். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறதா? லீவர் பிடி வழவழவென்று ஆகிவிட்டதா? அப்படியென்றால் மீட்டரை நம்பாதே.

அடுத்து பின், புஷ். பூமிலும் பக்கெட்டிலும் ஒவ்வொரு மூட்டிலும் இரும்புப் பின் இருக்கும், அதைச் சுற்றி புஷ். தினம் காலையில் கிரீஸ் அடித்தால் இரண்டும் நெடுநாள் உழைக்கும். விட்டுவிட்டால் மண் புகுந்து அரைத்துவிடும். வண்டியின் பின்பக்கத்துப் பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல். நீ தள்ளி நின்று மூட்டைப் பார். லொடலொடவென்று ஆடினால், பின், புஷ் செலவு மட்டும் என்று நினைக்காதே. கிரீஸ் அடிக்கக் கால் மணி நேரம் ஒதுக்காதவர், எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் நேரத்துக்கு மாற்றியிருப்பாரா?

பூம் அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் தடிப்பாக இருந்தால் விரலால் தடவிப் பார். கீழே விரிசலை வெல்டிங் வைத்து மூடியிருக்கலாம்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். முதலில் பானட்டைத் தொட்டுப் பார்; சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடு. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார். குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது, எஞ்சின் வேலை வரும். பிறகு முன் பக்கெட்டில் மண் அள்ளித் தூக்கி எஞ்சினை அணைக்கச் சொல். அடியில் யாரும் போகக் கூடாது. பத்து நிமிஷத்தில் அது தானாக நன்றாக இறங்கிவிட்டால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது.

வண்டி தேறினாலும் பேப்பர் தேற வேண்டும். சேஸிஸ் நம்பரைத் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிடு. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கு என்.ஓ.சி.யும் அவர்கள் கையெழுத்துப் போட்ட 35-ஆம் எண் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதே. அந்தக் கடன் பாக்கியிருந்தால், நீ காசு கொடுத்து வாங்கிய வண்டியையே சைட்டில் வந்து எடுத்துப் போய்விடுவார்கள்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், வண்டி ஒரு வாரம் நின்றால் வாடகை நின்றுவிடும். உன் தவணை நிற்காது. பூசி மினுக்கிய வண்டியைவிட, மூட்டைச் சுற்றிக் கிரீஸ் பிதுங்கி நிற்கும் அழுக்கு வண்டியை நான் நம்புவேன்.

டீயைக் குடி. நாளைக் காலை ஆறு மணிக்கு, எஞ்சின் சூடாவதற்கு முன்னால் போவோம். நம் மெக்கானிக்கையும் கூட்டி வருகிறேன்.