பண்டசாலை மாளிகையான கதை

வாடகைக்கு வீடு பார்க்கச் செல்வது நம்மவர்க்குப் புதிய அனுபவமன்று. கிணற்றுத் தண்ணீர் எப்படி, அயல் எப்படி, முன்பணம் எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளோடு நம் ஊரில் அந்தப் படலம் முடிந்துவிடும். ஆனால், சென்ற ஆண்டு நியூயோர்க் நகரிலே என் தமக்கையின் மகனோடு வீடு பார்க்கச் சென்றபோது, ஒரு நகரத்தின் சரித்திரத்தையே படியேறிப் பார்க்க நேர்ந்தது.

நாங்கள் சென்ற பகுதிக்குச் சோஹோ என்று பெயர். ஹவுஸ்டன் தெருவுக்குத் தெற்கே உள்ளது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் சேர்ந்து அமைந்த பெயர் அது. வானளாவிய கட்டிடங்களுக்குப் பேர்போன மன்ஹட்டன் தீவிலே, இங்கு ஐந்தாறு மாடிக் கட்டிடங்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. முகப்புகளிலெல்லாம் கிரேக்க ஆலயங்களை நினைவூட்டும் தூண்கள். கற்றூண் என்றெண்ணி விரலை மடக்கித் தட்டினேன். 'ணங்' என்று ஒலித்தது. அத்தனையும் வார்ப்பிரும்பு!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியாபாரிகள் இங்கே பண்டசாலைகளைக் கட்டினார்கள். தூணையும் வளைவையும் வார்ப்பாலையில் துண்டுதுண்டாக வார்த்துக் கொணர்ந்து முடுக்கி நிறுத்தினார்கள். மேலே கல்லின் நிறத்தைப் பூசினார்கள். கல்லைச் செதுக்குவதைவிட இது மலிவு, விரைவும் கூட. மெலிந்த இரும்புத் தூணே பாரத்தைத் தாங்கியதால் அகன்ற சாளரங்கள் வைக்க முடிந்தது. மின்விளக்கில்லாத காலத்துப் பண்டசாலைக்குச் சூரியன்தானே விளக்கு! புறோட்வேயும் புறூம் தெருவும் சந்திக்கும் மூலையிலுள்ள ஹவவுட் கட்டிடத்திலேதான் 1857இல் ஓட்டிஸ் என்பவர் பயணிகளுக்கான லிப்டை முதன்முதலாகப் பொருத்தினார். அன்று அதை இயக்கியது நீராவி.

நாங்கள் பார்க்கப்போன கட்டிடத்தின் வாசலில் துருவேறிய சிறு தகடொன்று இருந்தது. அதில் 'ஏ.ஐ.ஆர்.' என்ற மூன்று எழுத்துக்களும் 3 என்ற இலக்கமும் மாத்திரமே காணப்பட்டன. பொருள் விளங்காமலே உள்ளே சென்றேன்.

மூன்றாம் மாடி முழுவதும் ஒரே வீடு. அகலம் 25 அடி. நீளம் அதைப்போல் மூன்றரை மடங்கு. இத்தகைய பண்டசாலைத் தளத்தை அங்கு 'லொஃப்ட்' என்கிறார்கள். முகடு அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருந்தது. மெருகிட்ட பழைய பலகைத் தளம், சலவைக்கல் பதித்த சமையற்கூடம், தெருப்பக்கம் முழுவதும் சாளரம். மாத வாடகை 10,000 டொலர். வாடகையைப்போல் 40 மடங்கு ஆண்டு வருமானம் காட்டவேண்டும் என்பது அந்நகரத்து வீட்டுக்காரர் பலரின் வழக்கம். அதாவது நான்கு இலட்சம் டொலர்! கணவனும் மனைவியும் கணினித்துறையில் உழைப்பவர்களாதலால் ஒருவாறு கணக்கு ஒத்துவந்தது.

எல்லாம் பேசி முடிந்தபின் தரகர் ஒரு கடிதத்தை நீட்டினார். இந்த வீடு நகர நிர்வாகத்தின் அத்தாட்சி பெற்ற கலைஞர் குடியிருப்பதற்கென ஒதுக்கப்பட்டது என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், அதனால் வரக்கூடிய விளைவுகளுக்குத் தாமே பொறுப்பென்றும் குடிவருபவர் ஒப்பமிட வேண்டுமாம். "எவரும் வந்து கேட்பதில்லை" என்று தரகர் புன்னகை செய்தார். மருமகனின் பேனா தயங்கியது. மறுநாள் வருவதாகச் சொல்லி வெளியே வந்தோம்.

அந்தத் தயக்கத்திற்கு விளக்கம் லிப்டிலேயே கிடைத்தது. மேல்மாடியில் வசிக்கும் முதிய ஓவியப் பெண்மணி ஒருவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் அருந்த அழைத்தார். 1970இல் இங்கு வந்தவர் அவர்.

இரண்டாவது உலக யுத்தத்தின் பின் துணி வியாபாரம் படிப்படியாக வெளியேற, சிறு தொழிற்சாலைகளே எஞ்சின. தீ விபத்துக்கள் மலிந்தன. 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்று தீயணைப்புப் படையினர் இப்பகுதிக்குப் பெயர் சூட்டினார்கள். வெறுமையான தளங்களுக்கு ஓவியரும் சிற்பிகளும் வந்தார்கள். பெரிய சித்திரத்திற்கேற்ற சுவரும் வெளிச்சமும் இருந்தன, வாடகை சொற்பம். ஆனால், அங்கு குடியிருப்பது சட்டவிரோதம்.

"தொழிற்சாலை மூடியதும் கொதிகலனும் அணைந்துவிடும். மேலங்கியோடு உறங்குவோம். பரிசோதகர் வருகிறார் என்றால் படுக்கையைச் சுருட்டி ஒளித்துவைப்போம். இந்தக் குழாய்களெல்லாம் என் கணவர் பூட்டியவை" என்றார் அவர்.

வாசற் தகட்டின் பொருளும் அப்போதுதான் விளங்கியது. 1961இல் கலைஞர் போராடிப் பெற்ற ஏற்பாடு அது. 'இத்தளத்தில் கலைஞர் வசிக்கிறார். தீப்பற்றினால் உயிரைத் தேடுங்கள்' என்று தீயணைப்போருக்குச் சொல்லும் அறிவிப்பு. 1967இல் ஜோர்ஜ் மச்சியூனஸ் என்ற கலைஞர், வூஸ்டர் தெருவின் 80ஆம் இலக்கக் கட்டிடத்தைக் கலைஞரின் கூட்டுறவு இல்லமாக்கினார். இப்பகுதியை ஊடறுத்துப் போகவிருந்த பெருவீதித் திட்டம் மக்களின் எதிர்ப்பால் 1969இல் கைவிடப்பட்டது. 1971இல் கலைஞர் குடியிருக்கச் சட்டம் இடமளித்தது. 1973இல் ஏறத்தாழ 500 கட்டிடங்கள் வரலாற்றுச் சின்னங்களாகப் பாதுகாக்கப்பட்டன.

கட்டிடங்கள் தப்பின, கலைஞர் தப்பவில்லை. அவர்களைத் தேடிச் சித்திரக்கூடங்கள் வந்தன; அவற்றைத் தொடர்ந்து உணவுச்சாலைகளும் ஆடைக்கடைகளும் வந்தன; பின்னால் விலையும் வந்தது. 1982ஆம் ஆண்டுச் சட்டம் பழைய குடியிருப்பாளர் சிலரைக் காத்தது. அப்பெண்மணி அதனாலேயே இன்னும் அங்கிருக்கிறார். 2021இல் நகரம் விதிகளைத் தளர்த்திப் புதிய வீடுகளுக்கும், பணம் செலுத்தி இந்த ஒதுக்கீட்டிலிருந்து விலகுவதற்கும் வழி செய்தது. ஒதுக்கீடோ முற்றாக நீங்கவில்லை.

"நீங்கள் பார்த்த தளத்தில் என் நண்பரான சிற்பி இருபது ஆண்டுகள் இருந்தார். ஒரு தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தளத்திலிருந்த பலகைகள் மட்டும் அவர் இழைத்தவை" என்று சொல்லி முடித்தார்.

அவர் யோசனைப்படி வூஸ்டர் தெரு 141ஆம் இலக்கத்திற்குச் சென்றோம். அங்கே மாடியில் 3,600 சதுர அடித் தளம் முழுவதும் 22 அங்குல ஆழத்துக்கு வெறும் மண்! வோல்ட்டர் டி மரியா என்ற கலைஞர் 1977இல் அமைத்தது. நிறை 280,000 இறாத்தல். நீர் தெளித்து, வாரி, இன்றும் அதைப் பேணுகிறார்கள். மழை பெய்த மறுநாள் தோட்டத்தில் எழும் வாசனை அந்த மாடியில் எழுந்தது. ஊர் மண்ணை நினைத்து ஒரு கணம் என் கண்கள் கலங்கின.

"மாமா, கையெழுத்து வைக்கட்டுமா?" என்று மருமகன் கேட்டான்.

"தம்பி, அந்தக் கடிதத்தை ஒருமுறை உரத்து வாசி" என்றேன். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் மெல்லிய குரலில் வாசித்தான். 'கலைஞருக்கென ஒதுக்கப்பட்டது' என்ற இடத்தில் குரல் நின்றது. கடிதத்தை மடித்துவைத்தான். இப்பொழுது குவீன்ஸ் பகுதியில் இரண்டு அறை வீடொன்றில் இருக்கிறார்கள்.

இதனால் அந்தச் சிற்பி திரும்பி வந்துவிட்டாரா? இல்லை. ஒரு வாரத்துள் வேறொருவர் ஒப்பமிட்டு அங்கு குடியேறிவிட்டார் என்று அறிந்தோம். என் மருமகன் மறுத்ததால் சோஹோ மாறிவிடாது. அவன் உறக்கம் மாத்திரம் கெடாமல் இருக்கும்.

பழைய கட்டிடத்தைக் காப்பது நல்ல காரியம். அதற்குச் சட்டமும் பணமும் துணை நிற்கின்றன. அதை வாழ்விடமாக்கியவனைக் காப்பதுதான் அரிது. ஊர் திரும்புமுன் மீண்டும் அந்த வாசலைக் கடந்தேன். மூன்றாம் மாடியில் ஒரு கலைஞர் வசிக்கிறார் என்று அந்தத் துருவேறிய தகடு இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.