பத்து மணிக் கூட்டம்

தத்கால் டிக்கெட், தடுப்பூசிப் பதிவு, கிரிக்கெட், யு.பி.ஐ. என்று கோடிக்கணக்கானோர் ஒரே வினாடியில் கதவைத் தட்டும் நாடு இது. கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் சாஃப்ட்வேரின் நாடித்துடிப்பை யார், எப்படிப் பார்க்கிறார்கள்?

காலை மணி 9.59. மும்பை, டெல்லி, ஆமதாபாத், பெங்களூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் பல வீடுகளில் ஒரே காட்சிதான். செல்போனைப் பிடித்தபடி ஒருவர். பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்து வினாடி எண்ணும் இன்னொருவர். பயணிகளின் பெயர், வயது எல்லாம் ஏற்கனவே பதிவு செய்தாகிவிட்டது. பத்து மணிக்கு ஏ.சி. வகுப்புகளுக்கான தத்கால் திறக்கும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து தகவல் வந்திருக்கலாம்; நாளை மறுநாள் இன்டர்வியூ இருக்கலாம். பத்தடித்ததும் விரல் பொத்தானை அழுத்துகிறது. திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது நிற்கும்போது 'வெயிட்டிங் லிஸ்ட்' என்கிறது திரை.

அந்த வட்டம் சுற்றிய நேரத்தில் என்ன நடந்தது?

2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. அதுவரை இல்லாத சாதனை என்று ரயில்வே அறிவித்தது. வினாடிக்குச் சுமார் 530 டிக்கெட். ஆனால் இது கிடைத்தவர்களின் கணக்கு. கேட்டவர்களின் கணக்கு அல்ல. தத்கால் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் உள்ளே நுழைய நடக்கும் முயற்சிகளில் பாதிவரை மனிதர்கள் செய்வதே அல்ல, தானியங்கி புரோகிராம்கள் செய்பவை என்றும் அதே ரயில்வே சொன்னது. இரண்டரைக் கோடி கணக்குகள் முடக்கப்பட்டன. 2025 ஜூலையில் தத்காலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று.

இத்தனை பேரையும் ஒரு கம்ப்யூட்டர் சமாளிக்காது. நூற்றுக்கணக்கான சர்வர்கள் வேண்டும். யாரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க வாசலில் ஒருவர் வேண்டும். அவர்தான் லோட் பேலன்சர்: சுமையைப் பங்கிடுபவர். பெரிய ஸ்டேஷனில் இருபது கவுன்ட்டர்களுக்கு முன்னால் நின்று, "நீங்க ஏழாம் நம்பருக்குப் போங்க, நீங்க பன்னிரண்டுக்கு" என்று கைகாட்டும் ஊழியர் போல.

ஒரு காலத்தில் இது விலை உயர்ந்த தனி இயந்திரமாக வந்தது. பிறகு சாதாரண கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேராக மாறியது. பிரான்சைச் சேர்ந்த வில்லி டாரோ எழுதிய 'ஹெச்.ஏ.பிராக்ஸி' 2001லும், ரஷ்யரான இகோர் சிசோயேவின் 'எஞ்சின்-எக்ஸ்' 2004லும் வெளிவந்தன. இரண்டும் இலவசம். கைகாட்டுவதோடு இவை நிற்பதில்லை. யார் வந்தார், எங்கே போனார், எத்தனை மில்லி செகண்டில் பதில் கிடைத்தது என்று ஒவ்வொன்றையும் குறித்து வைக்கின்றன. ஒரு வெப்சைட்டின் உடல்நிலை தெரிய வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குறிப்பைத்தான்.

நான்கு எண்கள்

பார்ப்பதற்கு நூறு எண்கள் இருந்தாலும் முக்கியமானவை நான்கு. கூகுள் எஞ்சினியர்கள் 2016ல் வெளியிட்ட புத்தகம் ஒன்றில் வகுத்துத் தந்த பட்டியல் இன்று உலகம் முழுவதும் பாடமாகிவிட்டது. பதில் வர எவ்வளவு நேரம்? வினாடிக்கு எத்தனை கோரிக்கை? அதில் எத்தனை தோல்வி? இன்னும் எவ்வளவு இடம் மிச்சம்?

எளிமையாகத்தான் தெரிகிறது. ஏமாறுவதும் இங்கேதான். முதல் ஏமாற்று, சராசரி.

நூறு பேர் பட்டனை அழுத்துகிறார்கள். 98 பேருக்கு 0.2 வினாடியில் பதில். மீதி இருவருக்கு 30 வினாடி. சராசரி? 0.8 வினாடிக்கும் சற்றுக் குறைவு. கண்காணிப்பு அறையின் திரையில் எல்லாம் பச்சை. ஆனால் தத்காலில் 30 வினாடி காத்திருந்தவருக்கு டிக்கெட் இல்லை. அவருடைய கோபம் சராசரியில் கரைந்துவிட்டது.

'இருவர்தானே' என்று விடவும் முடியாது. ஒரு டிக்கெட் எடுத்து முடிப்பதற்குள் ரயில் தேடல், காலி இடம், பயணி விவரம், பணம் என்று சர்வருக்குப் பல கோரிக்கைகள் போகின்றன. முப்பது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றில் இரண்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால், முப்பதும் தடங்கலின்றி முடியும் வாய்ப்பு நூற்றில் சுமார் 55 மட்டுமே. அதாவது நூறு பேரில் 45 பேர் எங்காவது ஓரிடத்தில் அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்தே தீர வேண்டும்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் சராசரியைக் கேட்பதில்லை. 'நூறு பேரை வேகப்படி வரிசையில் நிறுத்தினால் 99வது ஆள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்?' என்று கேட்கிறார்கள். வரிசையின் வாலைப் பார்த்தால்தான் தலையின் நிலைமை புரியும்.

சுறுசுறுப்பான சோம்பேறி

இரண்டாவது ஏமாற்று இன்னும் விபரீதம். பல லோட் பேலன்சர்கள் 'யாரிடம் வேலை குறைவாக இருக்கிறதோ அவரிடம் அனுப்பு' என்ற விதிப்படி இயங்குகின்றன. நியாயமான விதி. ஆனால் ஒரு சர்வர் கெட்டுப்போகிறது என்று வையுங்கள். டேட்டாபேஸுடன் தொடர்பு அறுந்துவிட்டது. வருகிற ஒவ்வொருவரையும் 'முடியாது போ' என்று ஒரு மில்லி செகண்டில் விரட்டுகிறது. விரட்டியதும் கை காலி. கை காலியாக இருப்பதால் லோட் பேலன்சர் இன்னும் அதிகம் பேரை அங்கேயே அனுப்புகிறது. இருபது சர்வர்களில் ஒன்று பழுதானாலும் அது கூட்டத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். மொத்தத்தில் பார்த்தால் பதில் வரும் நேரம் குறைந்திருக்கும்! முன்னேற்றம் என்று கைதட்டக்கூடத் தோன்றும்.

'உயிரோடு இருக்கிறாயா?' என்று சில வினாடிகளுக்கு ஒருமுறை சர்வர்களைக் கேட்கும் வசதி உண்டு. ஆனால் இந்த சர்வர் உயிரோடுதான் இருக்கிறது, வேலைதான் செய்யவில்லை. ஒவ்வொரு சர்வரின் தோல்விக் கணக்கையும் தனித்தனியே பார்த்தால்தான் திருடன் பிடிபடுவான். தோல்வியான பதில்களின் நேரத்தை வெற்றியான பதில்களின் நேரத்தோடு கலக்கவும் கூடாது.

தொண்ணூறில் ஆபத்து

முதல் எண்ணும் நான்காவதும் சேர்ந்து ஒரு பழைய கணக்கில் போய் முடிகின்றன. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங், 1909ல் டெலிபோன் அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் தொடங்கியது வரிசை பற்றிய கணிதம். அது சொல்லும் பாடம் இன்றைக்கும் பல மேனேஜர்களுக்குப் புரிவதில்லை. ஒரே சர்வர், ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள் என்ற மிக எளிய கணக்கில், சர்வர் பாதி நேரம் வேலையாக இருந்தால் ஒருவர் உள்ளே வந்து வெளியேற ஆகும் நேரம், கூட்டமே இல்லாத நேரத்தைப் போல் இரு மடங்கு. 80 சதவீதத்தில் ஐந்து மடங்கு. 90ல் பத்து மடங்கு. 95ல் இருபது மடங்கு. கடைசி ஐந்து சதவீதம் முதல் ஐம்பதைவிடக் கொடியது. '90 சதவீதம் உபயோகம், சிக்கனமாக நடத்துகிறோம்' என்று பெருமைப்படுபவர் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறார்.

வரிசை நீண்டதும் இன்னொரு வினை. பொறுமையிழந்த மனிதர் மறுபடி பட்டனை அழுத்துகிறார். பழைய கோரிக்கை வரிசையில் இருக்க, புதியதும் சேர்கிறது. மனிதர் மட்டுமல்ல, பதில் வராவிட்டால் தானாகத் திரும்பக் கேட்கும்படி புரோகிராம்களும் எழுதப்படுகின்றன. சுமை தானே சுமையைப் பெருக்கிக்கொள்கிறது.

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. கடையில், பெட்ரோல் பங்கில் யு.பி.ஐ. பணம் போகாமல் நாடு தவித்தது. பணம் அனுப்பும் கோரிக்கைகள் அல்ல, 'அந்தப் பணம் போனதா?' என்று வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் காரணம் என்று பிறகு செய்திகள் வெளியாயின. 2025 ஆகஸ்டு முதல் இதற்கு வரம்பு வந்தது. ஓர் ஆப்பில் நாளொன்றுக்கு 50 தடவைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது என்ற விதி அப்போது வந்ததுதான். மொத்தக் கோரிக்கைகளை எண்ணினால் போதாது, எந்த வகை எத்தனை என்று பிரித்து எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

தோனி அவுட்

கூட்டம் வருவதுதான் ஆபத்து என்று நினைப்போம். கலைவதும் ஆபத்துதான். 2019 ஜூலையில் மான்செஸ்டரில் இந்தியா - நியூசிலாந்து உலகக் கோப்பை அரையிறுதி. ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். தோனி ரன் அவுட். பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. எஞ்சினியர்களுக்கு நிம்மதியா? இல்லை. கோடிக்கணக்கானோர் ஒரே சமயத்தில் 'பேக்' பட்டனை அழுத்தும்போது எல்லோரும் போய் விழுவது முகப்புப் பக்கத்தில். வீடியோவுக்கான சுமை விழுந்த நொடியில் முகப்புப் பக்கத்துக்கான சுமை ஏறுகிறது. ஆட்டம் பார்ப்போர் எண்ணிக்கையை மட்டும் வைத்து சர்வர்களைக் குறைத்திருந்தால் கதை கந்தலாகியிருக்கும். கூட்டம் வந்த பிறகு சர்வர் சேர்க்க நேரமும் இருக்காது. ஆகவே எண்கள் ஏறும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே சேர்த்து வைப்பதுதான் அவர்கள் கையாண்ட வழி. 2023 நவம்பர் 19 இறுதியாட்டத்தில் அதே தளத்தில் 5.9 கோடிப் பேர் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

2021 ஏப்ரல் 28 மாலை 4 மணி இன்னொரு பாடம். 18 முதல் 44 வயதினருக்குத் தடுப்பூசிப் பதிவு திறந்தது. முதல் நாளிலேயே 1.3 கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள். ஆனால் தொடக்கத்தில் பலருக்கு ஓ.டி.பி. வரவில்லை. பக்கம் திறக்கிறது, ரகசிய எண் வரவில்லை என்றால் லோட் பேலன்சரின் கணக்கில் அது வெற்றி. வெளியே நிற்பவருக்குத் தோல்வி.

யாருக்கான எண்?

லோட் பேலன்சரின் பார்வை அதன் வாசலோடு நின்றுவிடுகிறது என்பதே கடைசி விஷயம். பீகார் கிராமத்தில் சிக்னல் தேடி மொட்டைமாடி ஏறுபவரின் நேரம் அதில் சேராது. ஆயிரம் பேரை அனுப்பும் புரோகிராமும் ஒற்றை ஆளும் அதற்கு ஒன்றுதான். எனவே தொழில்நுட்ப எண்களோடு சாதாரண மனிதனின் எண்ணும் திரையில் இருக்க வேண்டும். இந்த நிமிடத்தில் எத்தனை பேர் டிக்கெட்டோடு வெளியே போனார்கள்? நேற்று இதே நிமிடத்தில் எத்தனை?

அந்தத் திரையை நாமும் பார்க்கலாமே. யு.பி.ஐ.யை நடத்தும் தேசியப் பட்டுவாடாக் கழகம், எந்த வங்கியில் எத்தனை சதவீதப் பரிவர்த்தனை தொழில்நுட்பக் கோளாறால் தோற்றது என்பதை மாதாமாதம் பெயரோடு வெளியிடுகிறது. மோசமான வங்கி எது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். பரீட்சை முடிவு, கல்லூரி விண்ணப்பம், ரேஷன், ரயில் என்று பொதுமக்கள் காத்துக்கிடக்கும் எல்லா வாசல்களுக்கும் இந்த வழக்கம் வர வேண்டும். சாதனை நிமிடத்தில் விற்ற டிக்கெட் எண்ணிக்கை தெரிந்துவிட்டது. அதே நிமிடத்தில் 99வது ஆள் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதும் தெரிந்தால், வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தன் விரல்தான் மெதுவோ என்ற சந்தேகமாவது தீரும்.