மிளகுத்தண்ணி குடித்த இங்கிலீஷ்!

எங்கள் சுரண்டைப் பக்கத்து இளவட்டங்களுக்கு இரண்டு கவலை. ஒன்று, இந்த வருஷம் குற்றாலத்தில் சீஸன் ஒழுங்காக இருக்குமா? இரண்டு, இண்டர்வியூவில் இங்கிலீஷ் வருமா? முதல் கவலையை மேற்குத் தொடர்ச்சி மலை பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்கு நாம்தான் ஏதாவது செய்தாக வேண்டும்.

என் சிநேகிதன் ஒருவன். தமிழ் மீடியத்தில் படித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்தவன். வேலையில் புலி, மீட்டிங்கில் பூனை. விஷயமெல்லாம் மண்டையில் இருக்கும், சொல்ல வார்த்தை வராது. அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர், இவன் செய்த வேலையையே அழகான இங்கிலீஷில் விளக்கிப் பிரமோஷன் வாங்கிவிட்டார்! பயலுக்கு ரோஷம் வந்துவிட்டது. தலையணை சைஸில் ஒரு டிக்ஷனரி வாங்கி, 'ஏ'யிலிருந்து மனப்பாடம் செய்ய ஆரம்பித்தான். 'அப்டமன்' என்றால் வயிறு என்பது வரை வந்தான். அதற்குமேல் பசிதான் வந்தது, வார்த்தை வரவில்லை.

"ஏலே, எத்தன வார்த்த படிச்சாத்தான் போதும்?" என்று என்னிடம் கேட்டான்.

நியாயமான கேள்வி. பதில் இருக்கிறது.

மைக்கேல் வெஸ்ட் என்ற வெள்ளைக்காரர், வங்காளத்தில் கல்வி அதிகாரியாக இருந்தவர். 1953-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அடிக்கடி புழங்கும் சுமார் 2,000 சொற்கள். சாதாரணமாக ஒரு பக்கத்தில் வருகிற 100 வார்த்தைகளில் 80 வரை இதற்குள் அடக்கம். பள்ளிக்கூடம் போன நமக்கு இதில் பெரும்பாலானவை ஏற்கெனவே தெரியும்.

அடுத்த படிதான் முக்கியம். நியூஸிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் இன்னொரு பட்டியல் போட்டார். பாடப்புத்தகங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொல் குடும்பங்கள். 'அனலைஸ்', 'அஸ்யூம்', 'சிக்னிஃபிகன்ட்' மாதிரி. ஆபீஸ் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பாருங்கள், இவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள்! தினம் மூன்று குடும்பம் என்று வைத்துக்கொண்டால் 190 நாளில் முடிந்துவிடும். நாவலும் நியூஸ் பேப்பரும் டிக்ஷனரி இல்லாமல் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் குடும்பம் வேண்டும் என்கிறார் பால் நேஷன் என்ற ஆராய்ச்சியாளர். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதென்ன சொல் குடும்பம்? 'ஆக்ட்' தாத்தா என்றால் 'ஆக்ஷன்', 'ஆக்டிவ்', 'ரியாக்ட்' எல்லாம் பிள்ளை, பேரன்கள். இந்த விஷயத்தில் வியட்நாம்காரர் பாடு திண்டாட்டம். எழுத்து என்னவோ அவர்களுக்கும் ஏ, பி, சி, டிதான். ஆனால் அவர்கள் மொழியில் சொல்லுக்கு வால் முளைக்காது. நேற்றும் இன்றும் நாளையும் வினைச்சொல் ஒரே மாதிரி நிற்கும். நமக்கோ படி, படிப்பு, படித்தான், படிக்காதவன் என்று ஒட்டிக்கொண்டே போவது தாய்ப்பாலோடு வந்தது. அந்தப் புத்தியை இங்கிலீஷுக்கும் திருப்பினால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. எழுத்தை நம்பிப் பேசாதீர்கள். கடனைக் குறிக்கும் 'டெட்'டில் ஒரு 'பி' ஊமையாக உட்கார்ந்திருக்கிறது. லத்தீன் மூலத்தைக் காட்டப் பண்டிதர்கள் பிற்பாடு சொருகியது அது! அடுத்தது, நம்மூர் இங்கிலீஷ். "ஐ பாஸ்ட் அவுட் லாஸ்ட் இயர்" என்று லண்டன்காரரிடம் சொன்னால், போன வருஷம் மயங்கி விழுந்தீர்களா என்று பதறுவார்.

இங்கிலீஷைக் கண்டு கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கதி. அதுவும் கடன் வாங்கிப் பெருத்த மொழிதான். நம் கட்டுமரம் அங்கே 'காட்டமரான்', சுருட்டு 'செரூட்', மிளகுத்தண்ணி 'மல்லிகடானி', வெட்டிவேர் 'வெட்டிவர்'. கூச்சப்படாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல், அன்றைய திருநெல்வேலி ஜில்லாவின் இடையன்குடித் தேரிக்காட்டில் குடியிருந்து தமிழ் படித்தார். 1856-ல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணமே எழுதிவிட்டார். அவருக்கு நம்முடைய 'ழ' வசப்பட்டது என்றால், நமக்கு அவருடைய 570 வசப்படாதா, என்ன?