பால் தரும் பட்டை: அதன் அமைப்பை அறிவோம்

ரப்பர் மரம் எவ்வளவு ஓங்கி வளர்ந்திருப்பினும், நமக்குப் பால் தருவது ஒரு விரற்பருமனும் இல்லாத அதன் பட்டையே. நாள்தோறும் அதிகாலையில் கத்தியுடன் மரத்தின்முன் நிற்கும் நாம், அப்பட்டையினுள் இருப்பவை யாவை என அறிந்துகொண்டால், நம் தொழில் சிறக்கும். மரமும் நெடுங்காலம் பயன் தரும்.

பட்டையின் புறத்தே இருப்பது தக்கைப் படை. இறந்துபோன உயிரணுக்களால் ஆன இப்படை, நீர் புகாத மெழுகு போன்ற பொருள் ஏறியது. வெயில், மழை, பூச்சி ஆகியவற்றினின்று மரத்தைக் காக்கும் மேலாடை இதுவே.

இதனை அடுத்திருப்பது கடினப் பட்டை. இதில் கல் உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாகக் கிடக்கின்றன. இவற்றின் சுவர்கள் மிகத் தடித்து, மரக்கட்டைக்கு வலிமை தரும் அதே பொருளால் இறுகியவை. கொய்யாப்பழத்தைக் கடிக்கும்போது பல்லில் நறநறவென்று படுவனவும் இத்தகைய கல் உயிரணுக்களே. பட்டைக்கு உறுதி தருவன இவை. எனினும், இப்பகுதியிலுள்ள பழைய பாற்குழல்கள் இவற்றின் இடையே சிக்கிச் சிதைந்து போவதால், இங்கே கிடைக்கும் பால் சிறிதே.

அதற்கும் உள்ளே இருப்பது மென்பட்டை. இலைகள் சமைத்த உணவை வேருக்குக் கொண்டு செல்லும் குழல்களும், பால் நிறைந்த குழல்களும் இங்கேதான் மிகுதி. வரிசையாக நின்ற உயிரணுக்கள், தம்மிடையே இருந்த சுவர்கள் கரைந்து ஒன்றாகிப் பாற்குழல்கள் ஆகின்றன. அவை மரத்தைச் சுற்றி வளையம் வளையமாக அமைந்துள்ளன. ஒரு வளையத்தின் குழல்கள் தமக்குள் வலைபோல் பின்னியிருக்கும். அடுத்த வளையத்துடன் அவற்றிற்குத் தொடர்பு பெரும்பாலும் இராது. ஆகவே கத்தி எட்டாத வளையத்தின் பால் மங்குக்கு வந்து சேராது.

மென்பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படை ஒன்று உண்டு. அதுவே வளர்படை. உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் பட்டையையும் புதிது புதிதாக உண்டாக்குவது அது. வெட்டிய இடத்தில் மீண்டும் பட்டை வளர்வதும் அதனால்தான்.

இங்கேதான் நம் கைத்திறனுக்குச் சோதனை. பால் மிகுந்த வளையங்கள் வளர்படையை ஒட்டியே உள்ளன. ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிஞ்சினால் வளர்படை காயப்படும். காயப்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுமுறை அங்கே கத்தி ஓடாது. எனவே வளர்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டுவதே முறை.

கோடரியால் கொத்திப் பால் எடுத்த பழைய வழக்கம் அமேசான் காடுகளில் மரங்களைப் பாழாக்கியது. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பார், முந்திய வெட்டின் விளிம்பையே மெல்லச் சீவினால் மரம் கெடாமல் பால் பெறலாம் எனக் காட்டினார். நாம் இன்றும் செய்வது அதுவே.

வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்வதற்கும் காரணம் உண்டு. பாற்குழல்கள் நேர் செங்குத்தாகச் செல்லாமல், மேலே போகப்போகச் சற்றே வலப்புறம் சாய்கின்றன. எனவே அவ்வாறு வெட்டும்போது மிகுதியான குழல்கள் திறக்கின்றன.

விடியுமுன் வெட்டுவதும் காரணமின்றி அன்று. அவ்வேளையில் குழல்களுக்குள் உள்ள அழுத்தம் ஏறத்தாழ 10 வளிமண்டல அளவு. மோட்டார் வண்டிச் சக்கரத்தின் காற்றழுத்தத்தைப்போல் நான்கைந்து மடங்கு. வெயில் ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் தணியும், பால் ஓட்டமும் தளரும்.

சீவும் பட்டையின் கனத்தையும் கருதுவோம். ஆண்டுக்கு 150 முறை வெட்டுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர் சீவினால் ஆண்டுக்கு 22.5 சென்டிமீட்டர் பட்டை செலவாகும். இரண்டு மில்லிமீட்டர் சீவினால் 30 சென்டிமீட்டர். 120 சென்டிமீட்டர் பட்டை முன்னதில் ஐந்தாண்டுக்கு மேல் நிற்கும்; பின்னதில் நான்கே ஆண்டில் தீரும். புதுப்பட்டை போதிய கனம் பெறுமுன் அதன்மீது கத்தி வைக்க நேரிடும்.

எடைக்கேற்ற கூலி பெறுவோர்க்கு இன்றைய எடையே பெரிதாகத் தோன்றுதல் இயல்பு. ஆயினும் அளவுக்கு மீறி அடிக்கடி வெட்டப்படும் மரங்களில் பட்டை வறண்டு பால் அற்றுப்போதல் மிகுதி. வெட்டுக்கோட்டில் ஒரு பகுதி பால் கசியாமல் உலர்ந்திருக்கக் கண்டால், மேலும் ஆழமாக வெட்டிப் பார்த்தல் கூடாது. மண்டோரிடம் உடனே தெரிவித்து, அம்மரத்திற்கு ஓய்வு தருவதே நலம்.

கூரிய கத்தி, அளவான ஆழம், மெல்லிய சீவல் ஆகிய மூன்றையும் கடைப்பிடிப்போமாயின், இன்று வெட்டும் பட்டையின் இடத்தில் நாளை நல்ல பட்டை வளரும். நம் நிரையில் நிற்கும் மரம் வருங்காலத்திலும் நமக்குப் பால் சுரக்கும்.