கால் அளவில் ஒரு பைப்பர் கப்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லாக் ஹேவன் என்ற சிற்றூரில் பிறந்தது பைப்பர் ஜே-3 கப். இரண்டு பேர் அமரும் இந்த மஞ்சள் நிற விமானம் 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏராளமான அமெரிக்கர்கள் இதில்தான் பறக்கக் கற்றார்கள். ரேடியோ கட்டுப்பாட்டில் இயங்கும் பெரிய மாதிரி விமானங்களைக் கட்டுவோர் பலர் முதலில் தேர்ந்தெடுப்பதும் இதையே.

எது பெரிய மாதிரி என்பதற்கு ஒரு வழக்கமான வரையறை உண்டு. ஒற்றை இறக்கை விமானம் நுனிக்கு நுனி 80 அங்குலமாவது இருக்க வேண்டும். இரட்டை அடுக்கு இறக்கை என்றால் 60 அங்குலம் போதும். அசலில் கால் பங்கு அளவை எட்டினாலும் சேரும். கால் அளவு கப்பின் இறக்கை நீளம் சுமார் 2.7 மீட்டர்.

பெரிதாகக் கட்டுவதன் பயன் கணக்கில் விளங்கும். நீளம் நான்கில் ஒரு பங்காகும்போது இறக்கைப் பரப்பு பதினாறில் ஒரு பங்காகிறது. எடையோ அறுபத்து நான்கில் ஒரு பங்காக வேண்டும். முழுச் சுமையோடு 550 கிலோ இருக்கும் கப், இந்தக் கணக்கில் 8.6 கிலோ ஆகிறது. அந்த எடைக்குள் கட்டினால் மாதிரியின் வேகம் அசலின் வேகத்தில் பாதியாக அமைந்து, அதன் நிதானமான பறப்பு அப்படியே கிடைக்கும். எடை கூடினால் அதற்கேற்ப வேகமும் கூடி, அந்த அழகு போய்விடும். ஆகவே ஒவ்வொரு கிராமையும் எண்ணிக் கட்டுவதே இக்கலையின் அடிப்படை.

அசல் கப்பின் உடற்பகுதி பற்றவைத்த எஃகுக் குழாய்ச் சட்டம். மேலே துணிப் போர்வை. மாதிரியில் எஃகின் இடத்தை ஸ்புரூஸ், பால்சா மரக் குச்சிகள் எடுத்துக்கொள்கின்றன. முழு அளவு வரைபடத்தை மேசையில் விரித்து, இரு பக்கச் சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். அப்போதுதான் இரண்டும் அச்சாக ஒத்திருக்கும். பிறகு குறுக்குச் சட்டங்கள் அவற்றை இணைக்கின்றன.

கப்பின் இறக்கை அகலம் பெரும்பாலும் ஒரே சீரானது. எனவே விலாத் துண்டுகளை அடுக்கி ஒன்றாகவே வெட்டலாம். விலாக்களைத் தாங்கும் நீளச் சட்டங்கள் ஸ்புரூஸ். மேல், கீழ்ச் சட்டங்களுக்கு நடுவே பால்சாப் பலகையை அதன் இழை செங்குத்தாக நிற்கும்படி ஒட்டினால் வளைவைத் தாங்கும் பலம் பன்மடங்காகும். இறக்கை நுனியின் பின்விளிம்பைச் சற்றே மேலே முறுக்கி வைப்பது முக்கியம். வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசை இழக்கும்போது நுனி கடைசிவரை பிடித்து நிற்கும். விமானம் திடீரெனப் பக்கவாட்டில் சாயாது. இந்த அளவில் இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பிகள் அலங்காரத்துக்கு மட்டும் இருப்பதில்லை. பல மாதிரிகளில் அவை உண்மையாகவே சுமை தாங்குகின்றன.

சட்டகத்தின்மேல் பாலியஸ்டர் துணியை இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி ஒட்டுகிறார்கள். சூட்டில் அது சுருங்கி இறுகும். அதன்மேல் மஞ்சள் வண்ணமும் கறுப்பு மின்னல் கோடும் ஏறும்.

இயக்க 20 முதல் 35 சிசி பெட்ரோல் எஞ்சினோ மின்மோட்டாரோ போதும். கப்பின் மூக்கு குட்டை, வால் நீளம். அதனால் வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் பல கிராம் ஈடு கட்ட வேண்டும். எடை மையம் இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து சுமார் 25 முதல் 30 சதவீதத்துக்குள் அமையும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

பறக்கும்போது கப் ஒரு பாடம் கற்பிக்கும். திரும்புவதற்காக இறக்கைப் பின்விளிம்பின் அசையும் பலகையான எய்லரானை மட்டும் இயக்கினால், அது கீழிறங்கிய பக்கத்தில் காற்றுத்தடை கூடி மூக்கு எதிர்த் திசைக்கு இழுபடும். சுக்கானையும் சேர்த்து இயக்கினால்தான் திருப்பம் சீராக வரும். அசல் விமானத்திலும் மாணவர்கள் இதைத்தான் பழகினார்கள்.

பெரிய மாதிரி விழுந்தால் ஆபத்தும் பெரிது. எனவே ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஓடும் நிலையிலேயே ரேடியோ எட்டும் தூரத்தைச் சோதிப்பதும், எல்லாக் கட்டுப்பாட்டுப் பரப்புகளும் சரியான திசையில் அசைகின்றனவா என்று பார்ப்பதும், ஆட்கள் நிற்கும் பக்கம் பறக்காதிருப்பதும் கட்டாயமான ஒழுங்குகள். அமெரிக்காவில் 55 பவுண்டுக்கு, அதாவது சுமார் 25 கிலோவுக்கு, மேற்பட்ட மாதிரிகளுக்குத் தனி விதிகள் பொருந்தும். கால் அளவு கப் அந்த வரம்புக்கு வெகுவாகக் கீழேயே நின்றுவிடுவதால், முதன்முதலாகப் பெரிய மாதிரியில் இறங்குவோருக்கு அது ஏற்ற விமானம்.