அங்கன்வாடிப் பயிற்சியில் நமக்கும் பாடம் இருக்கிறது

ஆம்பூருக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் வளாகத்திலேயே அங்கன்வாடி மையமும் உண்டு. அங்கு வரும் குழந்தைகள் பலரின் தாய்மார்கள் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். காலையிலேயே அவர்கள் கம்பெனிப் பேருந்தில் கிளம்பிவிடுவதால், பிள்ளைகளைப் பாட்டிகளே அழைத்து வருவார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கன்வாடிப் பணியாளர் மூன்று நாள் பயிற்சிக்குச் சென்றிருந்தார். மையத்தில் உதவியாளர் மட்டும் இருந்தார். உதவி செய்யலாமே என்று என் ஓய்வுப் பாடவேளையில் அங்கே போனேன். சிலேட்டுகளைக் கொடுத்து ‘அ’ எழுதச் சொன்னேன். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி எழுத வராமல் விழித்தாள். விரலைப் பிடித்து அழுத்தி எழுத வைத்தேன். மறுநாள் என்னைக் கண்டதும் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்த வாரம் முழுவதும் மையத்துக்கு வர மறுத்தாள். அவள் வீட்டில் உருது பேசுவார்கள். நான் சொன்னதில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

பணியாளர் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். “சார், அவளுக்கு விரலே இன்னும் பலப்படல. மணி கோக்கட்டும், களிமண் உருட்டட்டும், பேப்பர் கிழிக்கட்டும். அப்புறம் பென்சில் தானா கையில நிக்கும்” என்றார். பி.எட். படித்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

தெரியாததில் வியப்பில்லை. பி.எட். நம்மை ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்காகத் தயார் செய்கிறது. ஆசிரியர் பட்டயப் பயிற்சி தொடக்க வகுப்புகளிலிருந்து தொடங்குகிறது. பள்ளி முன்பருவத்துக்கென்றே தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் நெறிமுறைகளில் தனிப் பட்டயப் படிப்பு இருக்கிறது. 2019 ஜனவரியில் நம் மாநிலத்தில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டு இடைநிலை ஆசிரியர்கள் அனுப்பப்பட்டபோது, இந்த இடைவெளியைப் பலர் உணர்ந்தோம்.

சிறு குழந்தைகளைக் கவனிப்பவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பது புதிய கருத்தல்ல. 1939இல் மரியா மான்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 48ஆம் பிரிவில், தொழிற்சாலைக் குழந்தைகள் காப்பகம் குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றது. பள்ளி முன்பருவக் குழந்தைகள் குறித்து மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் அறிக்கை தந்தது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2இல் பிறந்தது. 2023 மே மாதம் ஒன்றிய அரசு தொடங்கிய ‘போஷன் பீ, படாய் பீ’ திட்டம், ஊட்டச்சத்தோடு கல்வியையும் சேர்த்து அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது.

இந்தப் பயிற்சிகளில் அவர்கள் கற்பது என்ன? எடை, உயரம் பார்த்து வளர்ச்சியைக் கண்காணிப்பது. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தின்படி கதை, பாட்டு, விளையாட்டு வழியே மொழியையும் சிந்தனையையும் வளர்ப்பது. குழந்தையின் வீட்டு மொழிக்கு இடம் தருவது. எந்தக் குழந்தை எதில் தயங்குகிறது என்று கவனித்துக் குறித்துவைப்பது. இவற்றோடு பெற்றோரிடம் பேசுவதும் ஒரு திறன்தான். அதையும் நேரில் கண்டேன்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், “ரெண்டு வருஷமா அனுப்புறேன், இன்னும் ‘அ’கூட எழுதலையே டீச்சர்” என்றார். பணியாளர் திருப்பிக் கேட்டார்: “நீங்க கம்பெனியில சேர்ந்த அன்னைக்கே ஷூ தச்சீங்களாக்கா?” அந்தத் தாய் சிரித்துவிட்டார். “எங்க தச்சேன்? மொதல்ல வேஸ்ட் தோல்லதான் நேர்கோடு ஓட்டிப் பழக விட்டாங்க.” “இங்கேயும் அப்படித்தான்க்கா” என்று மணி கோத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காட்டினார்.

ஒரே வளாகத்தில் இருக்கும் நாம் செய்யக்கூடியவை எளியவை. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் அங்கன்வாடியில் உட்கார்ந்து வெறுமனே கவனிக்கலாம். பணியாளர் பயிற்சிக்குச் செல்லும் நாள்களில் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஜூனில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர், ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் அவர் குறித்துவைத்ததைக் கேட்டுப் பெறலாம். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பறைக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

அந்தச் சிறுமி இப்போது ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள். ‘அ’வை அழகாகவே எழுதுகிறாள். ஆனாலும் என்னைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறாள்.