ஊரணி நீர் பச்சையானால் என்ன செய்வது?

இராமநாதபுரம் கடலோரக் கிராமங்கள் பலவற்றில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் ஊரணியே அங்கு மக்களுக்கும் ஆடு மாடுகளுக்கும் ஆதாரம். கோடையில் நீர் வற்றும்போது அது பச்சை நிறம் அடைவதுண்டு. உடனே மயில்துத்தம் போடுவோரும் உண்டு. வெறும் பாசிதானே என்று மாடுகளைக் குடிக்க விடுவோரும் உண்டு. இரண்டும் சரியன்று. பாசியின் வகையை முதலில் அறிய வேண்டும்.

மூன்று வகைகள்

செனடெஸ்மஸ் போன்ற நுண்ணிய பசும்பாசிகள் கண்ணுக்குத் தனித்தனியே தெரியா. இவற்றின் ஓர் உயிரணு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே இருக்கும். இவை நஞ்சற்றவை; மீன் குஞ்சுகள் தின்னும் சிற்றுயிர்களுக்கு உணவாகின்றன. ஆனால் அளவு மிஞ்சினால் இரவில் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து விடியற்காலையில் மீன்கள் இறக்கலாம்.

இரண்டாவது, தலைமுடி போல் நீண்டு வளரும் இழைப்பாசி. இதைக் குச்சியால் வாரி எடுத்துவிடலாம்.

மூன்றாவது, நீலப் பச்சைப் பாசி. இவ்வினத்தில் நெல் வயலுக்குத் தழைச்சத்து தரும் அனபீனாவும் உண்டு; ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடிய மைக்ரோசிஸ்டிஸும் உண்டு. பின்னது காற்று ஒதுக்கும் கரையில் பச்சைச் சாயம் கொட்டியது போல் மிதக்கும். இந்நஞ்சு நீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. மயில்துத்தம் இட்டால் பாசி வெடித்து, உள்ளிருக்கும் நஞ்சு முழுவதும் நீரில் கலந்துவிடும்.

ஊருக்கு ஊர் ஆய்வு

இந்தியப் பாசியியலின் முன்னோடி எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963) தென்னிந்தியக் குளம் குட்டைகளின் பசும்பாசிகளை ஆராய்ந்தார். ஈர வண்டலில் வளரும் பிரிட்சியெல்லா என்ற புதிய பாசியை 1932-இல் உலகுக்கு அறிவித்தார். பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றியும் எழுதியுள்ளார்.

உயர்ந்த மலை ஏரிகளின் மென்னீரில் டெஸ்மிட் என்னும் பசும்பாசிகள் மிகுதி. உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடலோர நீரில் அவை குறைவு. எனவே ஓரிடத்துப் பட்டியல் மற்றோரிடத்துக்குப் பொருந்தாது. ஒவ்வோர் ஊரணியையும் தனியே ஆராய வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை

ஊரணி நிரம்பியது முதல் வற்றும் வரை, மாதம் ஒருமுறை, படித்துறை, வரத்துக்கால், நடுப்பகுதி ஆகிய மூன்று இடங்களில் தெளிந்த பாட்டிலில் முக்கால் அளவு நீர் எடுக்கவும். கையுறை அணிவது நலம். ஓர் இரவு அசையாமல் நிழலில் வைக்கவும். பச்சை அடியில் படிந்தால் பசும்பாசியாக இருக்கலாம். மேலே வளையமாக மிதந்தால் நீலப் பச்சைப் பாசி என்று ஐயுற வேண்டும். இது முடிவான சோதனை அன்று. தாவரவியல் துறை உள்ள கல்லூரியில் நுண்பெருக்கியால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அயோடின் கரைசல் சில துளிகள் விட்டால் பசும்பாசியின் மாவுப்பொருள் கருநீலமாகும்.

வருமுன் காத்தல்

ஐயம் தீரும்வரை அந்நீரைக் குடிக்கவோ கால்நடைக்குக் காட்டவோ கூடாது. வரத்துக்கால் ஓரம் எருக்குழி, சோப்பு நீர், உரம் கரைந்த வயல் வடிகால் ஆகியவை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடுகளுக்குக் கரைக்கு வெளியே தனித் தொட்டி அமைக்கலாம். கோடையில் தூர் வாரினால் பாசிக்கு உணவாகும் சத்துக்களும் வண்டலோடு வெளியேறும். அந்த வண்டலை உரிய அனுமதி பெற்று வயலுக்கு இட்டால் ஊரணிக்கும் பயன், நிலத்துக்கும் பயன்.